முதுகுப் பக்கம்

முதல் மூன்று வாரத்தில் 310 புகைப்படங்களை ஸ்கேன் செய்து முடித்திருந்தேன். இவ்வளவு வேகமா என்று எனக்கே பெருமை. நாலாவது வாரம் திங்கட்கிழமை ஒரு படம் கை தவறி மேசையில் குப்புற விழுந்தது. எடுக்கப் போனால் பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி. முக்கோணம், கொக்கி, பக்கவாட்டில் சாய்ந்த லாடம் என்று எனக்குப் புரியாத எழுத்து. அதற்கு முந்தைய படத்தைத் திருப்பினேன். அதிலும் இருந்தது. பெட்டியையே திருப்பிப் போட்டுப் பார்த்ததில், பாதிக்குப் பாதி படங்களின் பின்னால் யாரோ எதையோ எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் பட்டியலில் அந்தப் படங்களுக்கு இருந்த விவரமோ ஒரே வரிதான்: "எஸ்கிமோ பெண், பெயர் தெரியாது."

பெயர் பின்னால்தான் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் அறையில் இல்லை, அவ்வளவுதான். 310 படத்தையும் முதலிலிருந்து மறுபடி எடுத்தேன், இரண்டு பக்கமும்.

இது 2018 இல் நடந்தது. ஒட்டாவாவில் ஒரு சின்ன ஆவணகத்தில் எனக்குப் பதினாலு மாத ஒப்பந்த வேலை. கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களின் பழைய புகைப்படங்கள், கடிதங்கள், ஒலிநாடாக்கள், கொஞ்சம் ஃபிளாப்பிகள். இவற்றை மின்னாக்கம் செய்து, யாருடைய ஆவணங்களோ அவர்கள் கண்ணில் படும்படி செய்ய வேண்டும். அதற்கு முன் மதுரையில் எட்டு வருடம் டிடிபி சென்டர் வைத்திருந்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ். ஸ்கேனர் தெரியும், ஃபோட்டோஷாப் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள். இனுயிட் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பனிக்கட்டி வீடு மட்டும்.

வடக்கில் இருக்கிறவர்களின் ஆவணம் தெற்கே எப்படி வந்தது என்று கேட்கலாம். படம் எடுத்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் தெற்கிலிருந்து போனவர்கள்: போலீஸ், பாதிரிமார், ரோம வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனி, அரசு அதிகாரிகள். திரும்பும்போது எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். கம்பெனியின் ஆவணங்கள் வின்னிபெக்கில் இருக்கின்றன, அரசாங்கத்துடையவை ஒட்டாவாவில். நூனவுட் என்ற தனிப் பிரதேசம் உருவானதே 1999 ஏப்ரல் 1 அன்றுதான். அங்கே 25 ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் சாலை கிடையாது, விமானம்தான். தலைநகரான இகாலுயிட்டில் இருக்கும் ஒரு பாட்டி தன் அம்மாவின் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வர வேண்டும். அதுவும் அப்படி ஒரு படம் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால்.

ஸ்கேன் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருப்பதிலேயே சுலபமானது அதுதான். புகைப்படத்துக்கு நைட்ரைல் கையுறை. வெறும் காகிதத்துக்குக் கழுவித் துடைத்த கையே போதும். துணிக் கையுறை போட்டால் கார்பன் காப்பித் தாளின் ஓரம் மாட்டிக் கிழியும். துருப்பிடித்த கிளிப்பைப் பிடுங்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகிவிட்டு நகர்த்தி எடுக்க வேண்டும். மூலக் கோப்பு டிஃப், பார்ப்பதற்கு ஜேபெக். மூலத்தை வெட்டாதீர்கள், பளிச்சென்று ஆக்காதீர்கள். டிடிபி புத்தியில் நான் முதல் நாளே மங்கலைத் திருத்தி ஓரத்தை வெட்டி வைத்தேன். வெட்டிய ஓரத்தில்தான் படச்சுருளின் எண் இருந்தது. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால் உள்ளே இருப்பது அசிடேட் ஃபிலிம், அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மற்ற பெட்டிகளிலிருந்து உடனே பிரித்துக் குளிரில் வையுங்கள், வரிசையில் முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். பிசுபிசுத்த ஒலிநாடாவை ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அதை இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே கண் திறந்தது எழுத்து விஷயத்தில்.

இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடூட்டைக் கிழக்கு ஆர்க்டிக்கில் அசையெழுத்தில் எழுதுகிறார்கள். 1840 வாக்கில் இன்னொரு பழங்குடி மொழியான கிரீக்காக ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் அமைத்த எழுத்து அது. அப்புறம் இனுக்டிடூட்டுக்கு வந்தது, எட்மண்ட் பெக் போன்ற பாதிரிமார் அதைப் பரப்பினார்கள். அதன் சூட்சுமம் இதுதான்: எழுத்தின் வடிவம் மெய், அது திரும்பியிருக்கும் திசை உயிர். நாம் காலும் கொம்பும் போடுகிற இடத்தில் அவர்கள் எழுத்தையே திருப்பிவிடுகிறார்கள். லாட வடிவத்தின் வாய் வலப்பக்கம் திறந்திருந்தால் 'த'. இடப்பக்கம் திறந்தால் 'து'. கவிழ்ந்து கீழ்ப்பக்கம் திறந்தால் 'தி'. நம் உயிர்மெய் தெரிந்தவர்களுக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. ஸ்கேனர் மென்பொருளில் 'தானாகத் திருப்பு' என்ற வசதியை நான் அணைக்கவில்லை. ஆங்கிலமோ தமிழோ தலைகீழாக இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். இந்த எழுத்தைத் தலைகீழாக வைத்தாலும் அதே எழுத்துகள்தான் தெரியும், 'த' மட்டும் 'து' ஆகிவிடும். எங்களிடம் பகுதிநேரமாக வந்துகொண்டிருந்த ஒரு மாணவி (நூனவுட்டிலிருந்து படிக்க வந்தவள், பத்தொன்பது வயது) நான் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்த நாற்பது கடிதங்களைப் பார்த்துவிட்டு, "அக்கறையா எல்லாத்தையும் தலைகீழா வச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். அவள்தான் வழியும் சொன்னாள். தனி மெய்யெழுத்துகள் சின்னதாக, வரியின் மேல்பக்கம் ஒட்டியிருக்கும். அவை கீழே தொங்கினால் தாள் தலைகீழ். பழைய கடிதங்களில் பல பேர் அந்தச் சின்ன எழுத்துகளைப் போடவே மாட்டார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. அப்போது தேதியையோ கையெழுத்தையோ பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. நாங்கள் தொடங்கியிருந்தோம்.

ஃபிளாப்பிகளைத் திறந்தபோது மட்டும் எனக்கு மவுசு கூடியது. 1990களின் கோப்புகள். உள்ளே முழுக்க ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தற்குறியுமாகக் குப்பை. "கோப்பு கெட்டுப்போச்சு, விட்டுடுங்க" என்றார் கணினிப் பிரிவுக்காரர். எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது, கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும் இல்லையா, அதே கதை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அவர்களுடைய அசையெழுத்து 1999 இல்தான் ஏறியது. அதற்கு முன் நூனாகாம், புரோசில் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நூனாகாமை நிறுவியதும் திரையில் குப்பை மறைந்து முக்கோணங்கள் வந்து உட்கார்ந்தன. கணினிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்தே சேமியுங்கள். மாற்றியில் பிழை இருந்தால் அது பிறகுதான் தெரியும்.

இனி பெயர் விஷயம். இந்த வேலையில் பாதி நேரம் அதற்குத்தான் போனது.

கனடாவுக்கு வந்த புதிதில் எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கேது? அப்பா பெயரை எழுதினேன். விளைவு, முதல் ஆறு மாதம் அலுவலகத்தில் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இனுயிட்டுக்கும் அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் இறந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பெயர் போகும். பெயரில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை, அதனால் தாத்தாவின் பெயரைத் தாங்கிய சின்னப் பெண்ணைப் பாட்டி தன் கணவனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடலாம். பெயரால் வந்த அந்த உறவுக்கு 'சௌனிக்' என்று சொல். நேர்ப்பொருள் எலும்பு. 'பேரன் என்பது பெயரன் என்பதிலிருந்து வந்தது' என்று நான் சொன்னதும் மாணவி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அரசுக்கு இதெல்லாம் புரியவில்லை. 1941 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் பொறித்த சின்ன வட்டத் தகடு கொடுத்தார்கள், கழுத்தில் கோத்துக்கொள்ளச் சொல்லி. கிழக்குக்கு 'ஈ', மேற்குக்கு 'டபிள்யூ', அப்புறம் வட்டார எண், ஆள் எண். உலகப் புகழ் பெற்ற ஓவியர் கெனோஜுவாக் அஷேவாக், அரசுக்கு ஈ7-1035. 1968 முதல் 1971 வரை நடந்த குடும்பப் பெயர்த் திட்டத்தில் ஏப் ஒக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர் பதிவு செய்த பிறகுதான் எண் மெல்ல மறைந்தது.

ஆவணத்தில் பெயரை எழுதியவர்கள் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியவர்கள். 'உக்பிக்' என்றால் பனி ஆந்தை. நடுவில் வரும் 'க்'கைத் தொண்டைக்குள்ளிருந்து சொன்னால் வேறு சொல், ஆர்க்டிக்கின் குட்டை வில்லோச் செடி. ஆங்கிலக் காதுக்கு இரண்டும் ஒன்று. புலியையும் புளியையும் ஒரே மாதிரி எழுதுகிற அதே ஆங்கிலம்தானே. ஒரே ஆள் போலீஸ் பட்டியலில் ஒரு மாதிரி, திருச்சபைப் பதிவேட்டில் இன்னொரு மாதிரி, கம்பெனிக் கணக்கில் மூன்றாவது மாதிரி இருப்பார். மூன்றும் ஒருவரே என்று நிரூபிப்பது எது தெரியுமா? அந்த வெறுப்பான எண்தான். எனக்கு அது கொஞ்ச நாள் உறுத்தலாகவே இருந்தது.

நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்ட முறை: தாளில் இருந்த பெயர் இருந்தபடி ஒரு கட்டத்தில், குடும்பத்தார் சொல்லும் பெயர் முதல் கட்டத்தில், மற்ற எழுத்துக்கூட்டல்கள் எல்லாம் தேடலில் சிக்கும்படி மூன்றாவதில். எண் உள்ளே இருக்கும், இணைத்துப் பார்க்க உதவும், வெளியில் தெரியாது. வெளியார் இனுயிட்டுக்கு வைத்த, அவர்கள் விரும்பாத 'எஸ்கிமோ' என்ற பழைய தலைப்புகளை அழிக்கவில்லை. அது அந்தக் காலத்தில் எழுதியது என்று குறித்து, கீழே தள்ளிவிட்டோம்.

படத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முன்னோடி இருந்தது. 2000களின் தொடக்கத்தில் நூனவுட் சிவுனிக்சவுட் என்ற ஒட்டாவா கல்லூரியின் மாணவர்கள், தேசிய ஆவணகத்தில் இருந்த, ரிச்சர்ட் ஹாரிங்டன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்களை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்த் தாத்தா பாட்டிகளிடம் காட்டியிருக்கிறார்கள். 'பெயரிடும் திட்டம்' அங்கிருந்துதான் தொடங்கியது. எங்களிடம் விமானச் செலவுக்குக் காசில்லை. மாணவிதான் யோசனை சொன்னாள்: நூனவுட்டின் பாஃபின் தீவிலிருந்து வைத்தியத்துக்காக ஒட்டாவாவுக்கு வரும் முதியவர்கள் வாரக்கணக்கில் இங்கேயேதான் தங்குகிறார்கள், பொழுது போகாமல். அவர்களைக் கூப்பிடலாமே? புதன்கிழமை மதியம், டீ, பெரிய திரை, வந்ததற்கு மரியாதைத் தொகை, போக வர டாக்ஸி.

முதல் புதன்கிழமை மூன்று பாட்டிமார் வந்தார்கள். ஒரு ஆள் பனிச்சறுக்கு வண்டியின் பக்கத்தில் நிற்கும் படம். ஒரு பாட்டி சட்டென்று கையைத் தட்டி ஒரு பெயரைச் சொன்னார். ஆர்வமாக எழுதப் போனேன். மாணவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அது நாயோட பேரு." அந்த நாய் யாருடையது என்பதிலிருந்துதான் ஆளின் பெயர் வந்தது. இன்னொரு படத்தில் பெண்ணின் முகம் அசைந்து கலங்கியிருந்தது. பாட்டி திரைக்குக் கிட்டே போய் மேலங்கியின் விளிம்பைப் பெரிதாக்கச் சொன்னார். மணி கோத்த வரிசையை விரலால் எண்ணினார். "இது எங்க சித்தி தைச்சது. வேற யாரும் இப்படி முடிக்க மாட்டாங்க." முகத்தை வைத்து அடையாளம் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது புதிது. அதனால்தான் சொல்கிறேன், பின்னணியும் தையலும் தெரியும் அளவுக்கு உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு அங்குலப் படத்தை இரண்டு அடிக்குப் பெரிதாக்க வேண்டிவரும்.

அன்றைக்கு நான் செய்த தப்பு, பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டது. அந்தச் சித்தியைப் பற்றி மூன்று பேரும் இருபது நிமிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள், அதெல்லாம் காற்றோடு போச்சு. அடுத்த வாரத்திலிருந்து அனுமதி கேட்டு ஒலிப்பதிவு வைத்தோம்.

மூன்றாவது புதன்கிழமை ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கும் படம் வந்தது. சி.டி. ஹோவ். 1950 முதல் 1969 வரை கோடையில் ஊர் ஊராகப் போன அரசுக் கப்பல். எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் தெரிந்தால் பெரும்பாலும் அப்படியே தெற்கே கொண்டுபோய்விடுவார்கள். 1956 வாக்கில் இனுயிட்டில் ஏழில் ஒருவர் தெற்கத்தி மருத்துவமனையில் இருந்தார். சிலர் திரும்பவே இல்லை, எங்கே புதைத்தார்கள் என்றுகூடக் குடும்பத்துக்குத் தெரியவில்லை. அந்தக் கல்லறைகளைத் தேடும் 'நானிலாவுட்' பணியை முறைப்படி அறிவித்து, பிரதமர் இகாலுயிட்டில் மன்னிப்புக் கேட்டது 2019 மார்ச்சில்தான்.

அன்றைக்கு வந்திருந்த ஒரு பாட்டி ஒன்றும் பேசவில்லை. ஒரு எண்ணை மட்டும் மடமடவென்று சொன்னார், மனப்பாடமாக. அவர் அம்மாவின் தகட்டு எண். மாணவி திரையை அணைத்துவிட்டு, "அனானாட்சியாக்" என்று மெல்லக் கூப்பிட்டு, டீ ஊற்றிக் கொடுத்தாள். 'பாட்டி' என்று பொருள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு கப்பல், மருத்துவமனை, பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளி என்று இருக்கும் பெட்டிகளைத் தனியே எடுத்து வைத்தோம். முன்கூட்டிச் சொல்லி, சரி என்றால் மட்டும், கூட ஒருவர் இருக்கும்போது.

எல்லாவற்றையும் இணையத்தில் திறந்து போட்டுவிட வேண்டும் என்பது என் பழைய நம்பிக்கை. அதுவும் இங்கே கொஞ்சம் அடிவாங்கியது. ஒரு ஒலிநாடாவில் ஒரு பாட்டு. அது ஒரு குடும்பத்தின் பாட்டு, வெளியார் பாடுவதற்கில்லை என்றார்கள். பதிவு செய்தவர் காலமாகிவிட்டார், பாடியவரிடம் அனுமதி வாங்கியதாகத் தாள் ஏதும் இல்லை. பதிப்புரிமைச் சட்டப்படி தடை ஏதுமில்லை என்றுகூட ஒருவர் வாதாடிப் பார்த்தார். பாட்டு குடும்பத்துக்கு மட்டும் என்று முடிவானது. இதற்கென்றே முகுர்து என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவானது. யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சமூகமே வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ஊருக்கு அனுப்புவது. அந்த வருடங்களில் நூனவுட்டின் இணையம் முழுக்கச் செயற்கைக்கோள் வழி, மெதுவானது, விலையும் அதிகம். இப்போது ஸ்டார்லிங்க் என்ற வேகமான செயற்கைக்கோள் இணையம் வந்து மாறியிருக்கிறது. எங்கள் அழகான வலைதளத்தின் முதல் பக்கம் அங்கே திறக்க ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் ஆனது. படத்துக்கு 200 கிலோபைட் என்று சுருக்கினோம். முழுத்தரக் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ஊருக்கே அனுப்பினோம். மூன்று பிரதிகளில் ஒன்று அங்கேயே இருக்கட்டும். ஆனால் எதிர்பாராமல் எடுபட்டது வேறொன்று. நான் டிடிபி காலத்து ஆசையில் அச்சடித்த தடிமனான ஃபைல். பக்கத்துக்கு ஒரு படம், கீழே நாலு வெற்று வரி, அட்டையில் கட்டிவிட்ட பென்சில். மாணவியின் ஊரில் அதை முதியோர் கூடும் அறையில் வைத்தார்கள். உள்ளூர் வானொலியில் ஒரு தடவை அறிவித்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து ஃபைல் திரும்பி வந்தது. டீக்கறை, விரல் ரேகை, யாரோ குழந்தை போட்ட கிறுக்கல். வரிகள் நிரம்பி ஓரமெல்லாம் எழுத்து. 212 ஆம் பக்கம், நான் குப்புறப் போட்ட அதே படம். ஒரு பெண் முக்கால்வாசி திரும்பி நிற்கிறார். அகலமான தலைமறைப்பு வைத்த, குழந்தையை முதுகில் சுமக்கத் தைத்த மேலங்கி, அமௌட்டி. அடியில் அசையெழுத்தில் மூன்று சொல். மாணவி படித்துவிட்டுச் சிரித்தாள்.

"முதுகுப் பையில நான்."

படத்தைத் திரையில் போட்டு எட்டு மடங்கு பெரிதாக்கினோம். தலைமறைப்பின் ஓரத்தில், ரோமத்துக்கு நடுவே, ஒரு சின்னத் தொப்பியின் நுனி. பட்டியலைத் திறந்து, 'படத்தில் உள்ளவர்கள்' என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்ததை இரண்டு என்று மாற்றினேன்.